போல் டான்ஸ்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஏழு ஆண்டுகளாக போல் டான்ஸ் பயில்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். இருப்பது டொரொன்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில். கல்யாண வீடு, பிறந்தநாள் விருந்து, அலுவலகச் சாப்பாட்டு மேசை என்று எங்கே போனாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் கூச்சத்தோடு கேட்கிறார்கள், சிலர் கோபத்தோடு, சிலர் தாங்களும் சேரலாமா என்ற ஆசையை மறைத்துக்கொண்டு. அவர்களுக்காகவே இதை எழுதி வைக்கிறேன். ‘போல்’ என்று தனியே எழுதினால் தமிழில் வேறு பொருள் வந்து குழப்புகிறது. ஆகவே இனிக் கம்ப நடனம் என்றே எழுதுகிறேன்.

கம்ப நடனம் என்றால் சரியாக என்ன செய்வீர்கள்?

தரையிலிருந்து கூரைவரை நிற்கும் உலோகக் கம்பத்தைப் பற்றிச் சுழல்வது, ஏறுவது, தலைகீழாகத் தொங்குவது, அதிலிருந்து தரைக்கு இறங்கி ஆடுவது எல்லாம் சேர்ந்ததுதான் கம்ப நடனம். போட்டிகளில் 45 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பம் வைக்கிறார்கள். ஒரு கம்பம் அசையாமல் நிற்கும், மற்றொன்று உள்ளே தாங்கு உருளை பொருத்தப்பட்டுத் தானே சுழலும். அசையாத கம்பத்தில் நாம்தான் சுழல வேண்டும். சுழலும் கம்பத்தில் உடலை உள்ளே இழுத்தால் வேகம் கூடும், காலை விரித்தால் குறையும்.

முதல் மாதத்தில் பலருக்கு ஏறவே வராது. காலின் மேற்பாதத்தை ஒரு பக்கமும் பின்னங்காலை மறுபக்கமும் வைத்துக் கம்பத்தைக் கவ்வ வேண்டும். அந்த இடத்தில் நீல நிறத்தில் கன்றிப்போகும். மூன்றாம் வாரம் ஒருவர் கால் நடுங்க நடுங்க இரண்டு பிடி ஏறிவிட்டு, எப்படி இறங்குவதென்று தெரியாமல் மேலேயே சிரித்துக்கொண்டு இருப்பார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இது ஸ்ட்ரிப் கிளப்பில் தோன்றியது என்பது உண்மையா?

உண்மை. மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஆடைகளைக் களைந்தபடி ஆடும் விடுதிகளைத்தான் ஸ்ட்ரிப் கிளப் என்கிறார்கள். 1964இல் சான் பிரான்சிஸ்கோவின் காண்டோர் கிளப்பில் கேரல் டோடா மேலாடையின்றி ஆடியதற்குப் பிறகு அத்தகைய விடுதிகள் அமெரிக்காவில் வெளிப்படையாகப் பெருகின. கம்பம் அந்த மேடைகளில் பரவலானது 1980களில். முதலில் கனடாவில், பிறகு அமெரிக்காவில்.

1920களில் ஊர் ஊராகப் போன காட்சிக் கூடாரங்களில் பெண்கள் நடுக் கம்பத்தைச் சுற்றி ஆடியதே தொடக்கம் என்று பலர் ஆர்வமாகச் சொல்வார்கள். அந்தக் கூடாரங்களில் பெண்கள் இடுப்பாட்டம் ஆடியது மெய்தான். ஆனால் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் சுழற்சிகளும், ஏற்றங்களும், முதுகைக் கம்பத்தில் சாய்த்து மெல்ல இறங்கும் அந்த அசைவும் கிளப் மேடையில் உருவானவை. ஒருத்தி கண்டுபிடிப்பாள், அடுத்தவள் உடைமாற்றும் அறையில் கேட்டுக் கற்றுக்கொள்வாள், மூன்றாமவள் அதை மாற்றுவாள். எழுதி வைக்க யாரும் இல்லை. ஆகவே பெரும்பாலான அசைவுகளுக்கு உரியவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை.

மல்லர் கம்பத்திலிருந்து வந்ததுதானே? அப்படிச் சொன்னால் கௌரவமாக இருக்குமே?

‘கௌரவம்’ என்ற சொல்லிலேயே உங்கள் கேள்வியின் காரணம் இருக்கிறது. மரக் கம்பத்தில் ஏறி வித்தை காட்டும் மல்லர் கம்பம் அருமையான கலை. 12ஆம் நூற்றாண்டின் ‘மானசோல்லாசம்’ என்ற நூலில் அதன் குறிப்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டிய ஆட்சியாளர் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வா காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். தமிழ்நாட்டில் விழுப்புரத்துப் பிள்ளைகள் அதில் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் மல்லர் கம்பம் மரத்தால் ஆனது, அடி பருத்து நுனி சிறுத்தது. வழுக்குவதற்காக அதில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். சீன சர்க்கஸ் கம்பத்துக்கு ரப்பர் உறை உண்டு. அதில் முழு ஆடையும் காலணியும் அணிந்து ஏறுகிறார்கள். எங்களுடையது வெறும் உலோகம், வெறும் தோல். பின்னாளில் இந்த மூன்றும் ஒன்றிடமிருந்து ஒன்று அசைவுகளை எடுத்துக்கொண்டிருக்கின்றன, அதை மறுக்கவில்லை. இருந்தாலும் சித்தி முறையாகிற ஒருவரைத் தாய் என்று சொல்லிப் பெற்றவளை மறைப்பது எனக்கு ஒப்பவில்லை.

விளையாட்டு என்கிறீர்கள். பிறகு ஏன் இவ்வளவு குறைந்த ஆடை?

துணி வழுக்கும், தோல் பிடிக்கும். உள்ளங்கை மட்டும் உடல் எடையைத் தாங்காது. முழங்கால் மடிப்பு, உட்தொடை, விலா, அக்குள், முழங்கை மடிப்பு எல்லாம் பிடிமான இடங்கள். முழுக்கால் உடுப்போடு தலைகீழாகத் தொங்கினால் தலை தரையில் மோதும். கம்பத்தில் தோல் உராயும்போது ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வருபவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். பிடி சரியாக விழுந்துவிட்டது என்பதற்கு அந்தச் சத்தமே அடையாளம்.

இதே காரணத்தால்தான் வகுப்பு நாளன்று உடலில் எண்ணெயோ களிம்போ பூசக் கூடாது என்று கறாராகச் சொல்கிறோம். முதல் நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கூட மறுநாள் கம்பத்தில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவர் ஆடி முடித்ததும் ஸ்பிரிட் நனைத்த துணியால் கம்பத்தைத் துடைப்போம். ஜனவரியில் கம்பம் பனிக்கட்டியாகக் குளிரும், கை பிடிக்காது. உடல் சூடேறி, கம்பமும் சற்றுச் சூடானால்தான் இரண்டும் ஒட்டும்.

சரி, அந்த உயரமான செருப்புக்கும் அறிவியல் காரணம் உண்டா?

அது கிளப்பிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அடித்தட்டு தடித்த அந்தக் காலணியின் எடை காலை வீசிச் சுழல உதவுகிறது, தரையில் முட்டிபோட்டு ஆடும்போது விரல்களைக் காக்கிறது. ஆனால் அவை அந்தக் காலணியைக் கௌரவப்படுத்தத் தேடும் காரணங்கள் ஆகிவிடக் கூடாது. அது அழகாக இருக்கிறது, நாங்கள் விரும்பி அணிகிறோம். எல்லா வகுப்பிலும் கட்டாயம் கிடையாது.

கிளப்பிலிருந்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு எப்படி வந்தது?

ஆடியவர்களே கொண்டுவந்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஃபானியா மண்டே கிளப்புகளில் ஆடியவர். 1994இல் அந்தத் தொழிலில் இல்லாத பெண்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினார், பின்னர் பயிற்சி வீடியோக்களையும் வெளியிட்டார். 2000களின் தொடக்கத்தில் ஷீலா கெல்லி என்ற நடிகை, ஒரு படத்தில் ஸ்ட்ரிப்பராக நடிப்பதற்காகப் பயின்றதில் மனம் பறிகொடுத்து, லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சிக்கூடம் திறந்தார். ஓப்ராவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிவரை அது போனது. நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் வரிசையில் நின்றது அதற்குப் பிறகுதான்.

போட்டிகள் அடுத்து வந்தன. ஆஸ்திரேலியாவில் 2005 முதல் தேசியப் போட்டி நடக்கிறது. பிரிட்டனின் கேட்டி கோட்ஸ் 2009இல் சர்வதேசக் கம்ப விளையாட்டுச் சம்மேளனத்தைத் தொடங்கினார். அதன் முதல் உலகப் போட்டி 2012இல் லண்டனில் நடந்தது. விதிப்புத்தகம், புள்ளிகள், வயதுப் பிரிவுகள் எல்லாம் வந்தன. கூடவே உயரக் காலணி, பதப்படுத்திய தோலால் ஆன உடுப்பு, மேடையில் ஆடை களைவது ஆகியவற்றுக்குத் தடையும் வந்தது. அந்தத் தடையைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்களாமே?

இல்லை. 2017 அக்டோபரில் சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களின் பொதுக் கூட்டமைப்பு இதற்குப் ‘பார்வையாளர்’ தகுதி கொடுத்தது. அதே நாளில் கைமல்யுத்தம், டாட்ஜ்பால் முதலியவற்றுக்கும் அது கிடைத்தது. அங்கீகார ஏணியில் அது முதல் படி. பத்திரிகைகள் ‘ஒலிம்பிக் நோக்கி’ என்று தலைப்புப் போட்டதால் சேர்த்துவிட்டதாகவே பலர் நினைத்துக்கொண்டார்கள். 2022 நவம்பரில் அந்தக் கூட்டமைப்பே தன்னைக் கலைத்துக்கொள்ள வாக்களித்துவிட்டது.

பத்து வயது மகளைச் சேர்க்கலாமா?

மேலே சொன்ன சம்மேளனத்தின் போட்டிகளில் 10 வயதிலிருந்தே பிரிவு உண்டு. அந்தப் பிள்ளைகள் செய்வது ஜிம்னாஸ்டிக்ஸ்தான். இசையும் உடையும் அதற்கேற்றவை. பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்பு, தனி நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. பெரியவர்களின் வகுப்பில் பிள்ளையை உட்கார வைத்தால் நானே திருப்பி அனுப்புவேன்.

பெரியவர்களுக்கானதையும் பிள்ளைகளுக்கானதையும் கலந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2006இல் பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனத்தின் இணையதளத்தில் கம்ப நடனப் பெட்டி ஒன்று பொம்மைகள் பிரிவில் விற்பனைக்கு வந்தது. பெற்றோர் கொதித்தார்கள், நிறுவனம் அதை அந்தப் பிரிவிலிருந்து நீக்கியது. 2018இல் சீனாவின் ஷென்சென் நகரில் மழலையர் பள்ளித் திறப்பு நாளில் பிள்ளைகள் முன்னால் ஒரு பெண்ணைக் கம்ப நடனம் ஆட வைத்தார்கள். தலைமையாசிரியை வேலையை இழந்தார். இரண்டிலும் பெற்றோரின் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

“நான் ஸ்ட்ரிப்பர் இல்லை, உடற்பயிற்சி செய்கிறேன்” என்று சொன்னால் என்ன தவறு? அது உண்மைதானே?

தனியாக எடுத்தால் உண்மைதான். யாராவது நேரே கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். 2015 வாக்கில் பல பெண்கள் தங்கள் படங்களின் கீழே ‘நான் ஸ்ட்ரிப்பர் அல்ல’ என்ற ஹேஷ்டேக்கைப் போடத் தொடங்கினார்கள். கிளப்பில் ஆடும் பெண்கள் ‘ஆம், நான் ஸ்ட்ரிப்பர்’ என்று பதில் ஹேஷ்டேக் போட்டார்கள். எங்கள் அசைவுகளை எடுத்தீர்கள், காலணியை எடுத்தீர்கள், எங்களை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் முதல் ஆண்டில் நானும் அந்த ஹேஷ்டேக்கைப் போட்டவள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியை 11 ஆண்டுகள் கிளப்பில் ஆடியவர். கம்பத்தில் தொடையால் கவ்வி, கைகளை விட்டு உட்காரும் ஓர் அசைவு உண்டு. எனக்கு வலியில் கண்ணீர் வந்துவிடும். அவர் வந்து என் இடுப்பை இரண்டு விரல் அளவு முன்னால் தள்ளி, “மூச்சை விடு” என்றார். வலி பாதியாகக் குறைந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். எட்டு மணி நேர வேலை, இரவுக்கு ஆறேழு முறை மேடை ஏற வேண்டும், வலிக்காத வழியைத் தேடாமல் இருக்க முடியுமா என்றார். அன்றிரவு வீட்டுக்கு வந்து என் பழைய படங்களிலிருந்து அந்த ஹேஷ்டேக்கை ஒவ்வொன்றாக அழித்தேன்.

போட்டிகளின் தடைகளில் எனக்கு இருக்கும் வருத்தமும் இதுவே. பிள்ளைகள் பங்குபெறும் மேடைக்கு விதிகள் தேவை. ஆனால் வயதுவந்தவர்களின் பிரிவிலும் காலணிவரை தடுப்பது, வந்த வழியின் சுவடே தெரியக் கூடாது என்ற எண்ணத்தில் செய்ததாகவே எனக்குப் படுகிறது.

அந்தப் பெண்கள் சுரண்டப்படுகிறார்கள் அல்லவா? அந்த இடத்தை நீங்கள் புகழலாமா?

கிளப்புகளை நான் புகழவில்லை. அங்கே வேலை செய்த பெண்களின் திறமையைச் சொல்கிறேன். சுரண்டல் இருக்கிறது, அது எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல கிளப்புகளில் இவர்களை ஊழியர்களாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றைய இரவு மேடை ஏறுவதற்கு இவர்களே கட்டணம் செலுத்த வேண்டும். கூட்டம் வராத நாளில் கைக்காசோடு போனவள் கடனோடு திரும்புவாள். தொட வந்தவனைத் தடுத்தால் வேலை போகலாம்.

அதை எதிர்த்து நின்றவர்களும் அவர்கள்தான். சான் பிரான்சிஸ்கோவின் லஸ்டி லேடி அரங்கில், வாடிக்கையாளர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பதை எதிர்த்துப் பெண்கள் 1990களில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2003இல் அந்த அரங்கையே வாங்கிக் கூட்டுறவாக்கி 2013வரை நடத்தினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் ஸ்டார் கார்டன் கிளப்பில் பாதுகாப்புக் கேட்டு மாதக்கணக்கில் வாசலில் நின்று போராடியவர்கள் 2023 மே மாதம் மேடை நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர்ந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 2024இல் ஸ்ட்ரிப்பர்களின் உரிமைச் சட்டம் வந்தது. கிளப் வசூலிக்கும் கட்டணத்துக்கு அதில் வரம்பு உண்டு, ஆபத்தில் அழுத்துவதற்கு அவசரப் பொத்தான் உண்டு. அவர்களுக்காகக் கவலைப்படுகிறவர்கள் இத்தகைய சட்டத்துக்குக் குரல் கொடுக்கலாம்.

இதைக் கலை என்று யாராவது அதிகாரப்பூர்வமாக ஒத்துக்கொண்டிருக்கிறார்களா?

இதே கேள்வி நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அங்கே நாடகம், இசை போன்ற கலை நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டுக்கு விற்பனை வரி இல்லை. ஆல்பனி அருகே நைட் மூவ்ஸ் என்ற கிளப், எங்கள் மேடையில் நடப்பதும் நடனக்கலைதான், வரிவிலக்கு வேண்டும் என்று வழக்காடியது. ஒரு மானுடவியல் அறிஞர் அந்த ஆட்டத்தில் அமைப்பும் நுட்பமும் உண்டு என்று சாட்சி சொன்னார். 2012 அக்டோபரில் 4க்கு 3 என்ற கணக்கில் கிளப் தோற்றது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ராபர்ட் ஸ்மித், இத்தகைய நடனத்தைத் தாம் விரும்புவதில்லை என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் உயர்ந்த நடனம், தாழ்ந்த நடனம் என்று தரம் பிரித்து வரி போடுவது அரசின் வேலை இல்லை என்பது அவர் நிலை. ஒரே ஒரு வாக்கில் போன வழக்கு அது. நான் அந்த மூவரின் பக்கம்.

தேவதாசிகள் ஆடிய சதிர் பரதநாட்டியமானது போலத்தானா இதுவும்?

தமிழர்கள் மட்டுமே என்னிடம் கேட்கும் கேள்வி இது. நான் அதிகம் யோசித்ததும் இதைத்தான். இரண்டும் ஒன்றில்லை. தேவதாசி மரபுக்குக் கோயிலும் அரசவையும் நூற்றாண்டுக் கணக்கான இசையும் குருபரம்பரையும் பின்புலம். கிளப் மேடைக்கு அப்படி எதுவும் இல்லை. இதை அதோடு சமன்படுத்தினால் இரு தரப்புக்கும் அநியாயம்.

ஒப்பிடக்கூடியது, பிறகு நடந்தது. 1930களில் சென்னை மியூசிக் அகாதமியில் சதிர் என்ற பெயர் பரதநாட்டியம் என்று மாறியது. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார், மறு ஆண்டு கலாக்ஷேத்ரா வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் 1947இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது நல்லதே. ஆனால் ஆட்டம் மதிப்பான வீடுகளுக்குள் போன அதே காலத்தில், தலைமுறைகளாக அதை ஆடிய குடும்பத்துப் பெண்களில் பலர் மேடையை இழந்தார்கள். காதல் சுவையான சிருங்காரத்தைக் கழுவித் துடைக்க வேண்டியதில்லை, அதுவே தலையானது என்று அந்த மரபில் வந்த பாலசரஸ்வதி கடைசிவரை வாதிட்டார். நான் சிறுவயதில் ஆறு ஆண்டுகள் பரதம் கற்றேன். அந்த ஆறு ஆண்டுகளில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. என் மாணவிகளுக்கு நான் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது அதனால்தான்.

ஆண்கள் வரலாமா?

தாராளமாக. என் வகுப்பில் இருவர் இருக்கிறார்கள். உலகப் போட்டியில் ஆண்களுக்குத் தனிப் பிரிவே உண்டு.

இப்போது எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்லலாமா?

பாதி. 2020 பிப்ரவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் பாடகி ஜெனிபர் லோபஸ் கம்பத்தில் ஏறினார், கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அந்த நிகழ்ச்சியைப் பற்றி அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 1,300க்கும் மேற்பட்ட புகார்களும் போயின. அதற்கு முந்தைய ஆண்டு இன்ஸ்டாகிராமில் கம்ப நடனம் சார்ந்த ஹேஷ்டேக்குகள் திடீரென்று தேடலில் மறைந்தன; ஆடுபவர்கள் திரண்டு எதிர்த்த பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

என் ஆசிரியை வீடு வாடகைக்குத் தேடியபோது விண்ணப்பத்தில் பழைய தொழிலை எழுதினார். வீட்டுக்காரர் பதிலே போடவில்லை. அதே கட்டடத்தில் நான் ‘கம்ப நடனப் பயிற்றுநர்’ என்று எழுதியபோது, “சுவாரசியமாக இருக்கிறதே” என்று சாவியைக் கொடுத்தார்கள். இருவரும் செய்வது ஒரே அசைவு. அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொன்னீர்கள்?

இரண்டு ஆண்டுகள் சொல்லவில்லை. காலில் கன்றிப்போனதைக் கண்டு யாரோ அடிக்கிறார்கள் என்று அம்மா பயந்தபோதுதான் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, “நான் வந்து பார்க்க வேண்டும் பிள்ளை” என்றார். மாணவர் நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துப் போனேன். முடிந்ததும் மேடைக்கு வந்து கம்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். “இவ்வளவு வழவழப்பாக இருக்கிறதே, எப்படி நின்றாய்?” என்றார். என் ஆசிரியையைக் காட்டி, இவர்தான் கற்றுக்கொடுத்தவர், முன்பு கிளப்பில் ஆடியவர் என்றேன். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த ரோல்ஸ் பலகாரப் பெட்டியை எனக்குத் தராமல் அவர் கையில் கொடுத்தார்.

கன்றிய இடத்துக்கு நல்லெண்ணெய் தேய்க்க வேண்டும் என்பதில் மட்டும் இன்றுவரை பிடிவாதமாக இருக்கிறார். ஆடை பற்றிய கேள்வியில் சொன்ன காரணத்தை விளக்கிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை தேய்த்துத் திங்கட்கிழமை நன்றாகக் குளிப்பது என்று முடிவாகியிருக்கிறது. நான் பயிலும் வகுப்பு புதன்கிழமை.